கியர்ஸ்டனின் வயலில் நான் அடைத்த குழாய்

பேனாவின் மூடி கழன்று மேசையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நாலு தாள். தாளுக்குப் பக்கத்தில் ஏலக்காய் மணக்கும் ஒரு கேக். வெட்டித் தட்டில் வைத்திருந்தும் ஒருவரும் தொடவில்லை.

மேசையின் ஒரு பக்கத்தில் கியர்ஸ்டன் இருந்தார். எண்பது வயதைத் தொட இன்னும் சில மாதங்கள் இருந்த டென்மார்க்காரி. இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, அதற்கு முதல்நாள்தான் கனடாவில் விட்பி நகருக்கு வடக்கே இருக்கும் தன் பண்ணை வீட்டுக்குத் திரும்பியிருந்தார். எதிரே அவருடைய ஒரே மகன் எரிக். நடுவில், முழங்கால்வரை சேறு அப்பியபடி நான்.

“அம்மா, நீங்கள் சொன்ன சொல்லு சொல்லுத்தானே?” என்றான் எரிக்.

“ஓம். சொன்னது சொன்னதுதான்.”

அவர் பேனாவை எடுத்தார்.

அவர்கள் கதைத்தது ஆங்கிலம். ஆனால் கியர்ஸ்டனின் ஆங்கிலம் எனக்குள்ளே எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கும். அத்தனை வெடுக்கு. ஆகவே அப்படியே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, மோர்னிங்சைட் ரோட்டுக் கடையொன்றில் ஒருவர் என்னை மறித்தார். “அன்ரி, உங்கட கதையளில நீங்கள் ஒருக்காலும் பிழை விடுறேல்லையே?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தம்பி, இந்தக் கிழமை உனக்காக.

பூசணிக்காய் வாங்கப் போன இடம்

முப்பது வருடம் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டிவிட்டு ஓய்வு எடுத்தவள் நான். ரூஜ் பக்கத்தில் எங்கள் வீட்டின் பின்வளவு, நாலு கத்தரிக்கும் ஒரு புடலைக்கும் காணும். எனக்குக் காணாது. என் மனுசனும் பஸ் ஓட்டுவதை விட்டிருந்தார். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தால் கொலைதான் விழும் என்று, கார் எடுத்துக்கொண்டு வடக்கே சுற்றுவோம்.

அப்படி ஒரு இலையுதிர் காலத்தில் பூசணிக்காய் வாங்க நிறுத்திய இடம்தான் கியர்ஸ்டனின் பண்ணை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வயல், புல் மூடிக் கிடந்தது. பார்க்க வயிறு எரிந்தது.

“உது ஏன் சும்மா கிடக்கு?” என்று கேட்டேன்.

“சும்மா கிடக்கேல்லை. ஆளில்லாமல் கிடக்கு.”

“ஆள் நாங்கள் இருக்கிறம்.”

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “உன்ர கை கமக்காரக் கை இல்லை.”

எனக்கு வந்த கோபத்தில் பூசணிக்காயைப் போட்டு உடைத்திருப்பேன். “இந்தக் கை வெங்காயம் கிண்டின கை. மிளகாய்க்கு இரவல் மிசினால தண்ணி இறைச்ச கை. பிறகுதான் பொதி கட்டினது. உங்களுக்கு என்ன தெரியும்?”

கியர்ஸ்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, “உள்ள வா, கோப்பி குடி” என்றார். அந்தக் கோப்பியைக் கரண்டி நட்டு வைத்துக் குடிக்கலாம். இரண்டு கோப்பை குடித்தேன். குடிக்காவிட்டால் தோற்றதாகிவிடும்.

அடுத்த வசந்தத்தில் அங்கே தோட்டம் செய்ய ஒன்பது குடும்பம் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். சேர்த்தும் காட்டினேன்.

தவளைப் பள்ளம்

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் அடிக்கடி போய் வந்தேன். கியர்ஸ்டன் தன் கதையைச் சொல்லுவார். கதை சொல்லும்போதும் கை சும்மா இருக்காது, உருளைக்கிழங்கு உரிக்கும்.

இருபத்திரண்டு வயதில், யென்ஸ் என்ற புருசனோடு கப்பலேறிக் கனடாவுக்கு வந்தவர் அவர். இருக்கிற நல்ல நிலமெல்லாம் ஏற்கெனவே ஆட்களிடம். இவர்களுக்குக் கிடைத்தது ஒருவரும் விரும்பாத களிமண் பள்ளம். வசந்தத்தில் அங்கே தண்ணீர் நிற்கும், தவளை கத்தும். ஊரே அதைத் தவளைப் பள்ளம் என்றுதான் சொல்லுமாம்.

தேவாலயத்தில் பெண்கள் இவரிடம், “தவளை வளர்க்கப் போறியளோ?” என்று கேட்டார்களாம். அப்போது இவருக்கு ஆங்கிலம் அரைகுறை. வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்த பிறகுதான் நக்கல் என்று விளங்கியதாம். அடுத்த ஞாயிறு போய், முன்வரிசையில் இருந்தாராம்.

பிறகு புருசனும் பெண்சாதியும் நிலத்தை வெட்டத் தொடங்கினார்கள். இடுப்பளவு ஆழத்தில் நீட்டு நீட்டாக வடிகால் கான் வெட்டி, சுட்ட மண் குழாய்களை ஒன்றோடொன்று முட்ட அடுக்கி, திரும்ப மண்ணால் மூடினார்கள். மண்ணில் ஊறும் தண்ணீர் குழாய்களின் இடைவெளியால் உள்ளே இறங்கி, ஓடி வெளியேறவேண்டும். டென்மார்க்கில் இவருடைய தகப்பனும் இதே வேலையைத்தான் செய்தவராம். சரிவு சரியா என்று பார்க்க இவர் ஒரு வாளித் தண்ணீரைக் கானில் ஊற்றிவிட்டு, அது ஓடுகிற வழியே கூட நடப்பாராம். எரிக் அப்போது வயிற்றில்.

இரண்டு வருடம் எடுத்தது. மூன்றாம் வசந்தத்தில் பக்கத்து வயல்களில் ட்ராக்டர் புதைந்து நிற்க, இவர்கள் ஓட்ஸ் விதைத்துவிட்டார்கள். தவளை நக்கல் அடித்த வீட்டு ஆண்கள் வேலியில் நின்று பார்த்தார்களாம். பிறகு ஒவ்வொருவராக வந்து, தங்கள் வயலுக்கும் கான் எப்படி வெட்டுவது என்று கேட்டார்களாம்.

“நீங்கள் என்ன சொன்னியள்?” என்று கேட்டேன்.

“கோப்பி குடுத்துட்டு, சொல்லிக் குடுத்தனான். பின்ன?” என்றார் கியர்ஸ்டன்.

இதெல்லாம் எனக்குச் சொன்னார். அந்தக் குழாய்களெல்லாம் எங்கே போய் முடிகின்றன என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தாயும் மகனும் பேசிய பேச்சு

மார்ச் மாதத்தில் கியர்ஸ்டன் மாட்டுக் கொட்டிலடியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். அரைநாள் அப்படியே கிடந்திருக்கிறார். தொலைபேசி எடுக்கவில்லை என்று ஓடி வந்த எரிக்தான் கண்டது. அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். தாயின் உதடு நீலமாய்க் கிடந்ததை நினைத்தால் இப்பவும் நித்திரை வருவதில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

விட்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்துவிட்டான். கியர்ஸ்டன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே மாட்டேன் என்றார். கடைசியில், எனக்கு முன்னாலேயே, இருவரும் ஒரு பேச்சுப் பேசிக்கொண்டார்கள். இந்தக் கோடையில் பின்வயல் விளைந்தால், மே தொடக்கம் ஒக்டோபர் வரை ஒவ்வொரு நாளும் அங்கே ஆட்கள் இருப்பார்கள். விழுந்தால் தூக்க ஆள் இருக்கும். அப்படியென்றால் அவர் வீட்டிலேயே இருக்கலாம், குளிர்காலத்துக்கு வேறு ஒழுங்கு பார்க்கலாம். வயல் விளையாமல் ஆட்கள் விட்டுவிட்டுப் போனால், மறுபேச்சு இல்லாமல் இல்லத்துக்குப் போவார்.

“சாரோ, உன்னை நம்பித்தான்” என்றார் என்னைப் பார்த்து. என் பெயர் சறோ. அவருக்கு அந்த ‘ற’ வராது.

“நீங்கள் வடிவாய் நடந்து வாங்கோ. வயலை நான் பாக்கிறன்” என்றேன் நான். அந்த வாயை என்ன செய்வது!

கண்ணுக்கு முன்னால் வீண்போன தண்ணீர்

மே மாதக் கடைசியில் மிளகாயும் கத்தரியும் நட்டோம். கிணற்று மோட்டாருக்கு மூச்சு வாங்கியது. மழையே இல்லை. ஒன்பது குடும்பமும் முறை வைத்துக் குழாய் பிடித்தோம்.

அப்போதுதான் அதைக் கண்டேன். வயலின் தாழ்ந்த பக்கம் ஒரு வில்லோ மரம், அதற்குக் கீழே ரோட்டுக் கான். கான் கரையில் புல்லுக்குள்ளிருந்து ஒரு துருப்பிடித்த இரும்புக் குழாய் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து பளிங்கு மாதிரித் தண்ணீர், இரவு பகலாகக் கானுக்குள் போய்க்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்தில் கிணற்றை நம்பித் தோட்டம் செய்த எவருக்கும் அந்தக் காட்சி சும்மா பார்த்துவிட்டுப் போகிற காட்சி இல்லை. எங்கள் செம்மண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கீழே போய்விடும். வரம்பு கட்டிப் பாத்தி கட்டி, வாய்க்கால் உடையாமல் காலால் மண் அணைத்து, ஒரு சொட்டையும் வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த தோட்டம். வாய்க்கால் உடைந்து தண்ணீர் தெரு ஒழுங்கைக்குப் போனால், போகிற வருகிறவன்கூட இறங்கி அடைத்துவிட்டுப் போவான்.

“இஞ்சருங்கோ, தண்ணி வீணாய்ப் போகுது!” என்று கத்தினேன். மனுசன் ஓடி வந்தார். ஏதோ ஊற்று என்றார். நானும் ஊற்று என்றுதான் நினைத்தேன். இருபது இறாத்தல் அரிசிச் சாக்கொன்றில் களிமண்ணை அடைத்து, குழாயின் வாய்க்குள் திணித்து, காலால் உதைத்து இறுக்கினேன். அவர் சாக்கைப் பிடித்தார். உதைத்தது நான்.

மற்றவர்கள் வந்து பார்த்துவிட்டு, “அக்கா கெட்டிக்காரிதான்” என்றார்கள். பெருமையில் தலைகால் தெரியாத புளுகம் எனக்கு. இரண்டு கிழமையில் வயல் ஈரம் பிடித்து, கன்றுகள் செழித்து மதாளித்து நின்றன. கியர்ஸ்டன் தொலைபேசியில் “எல்லாம் சரியோ?” என்று கேட்டபோது, “வந்து பாருங்கோவன்” என்றேன். குழாய் விசயத்தை நேரே காட்டிப் பாராட்டு வாங்கவேண்டும் என்று பொத்தி வைத்திருந்தேன்.

பிறகு மழை வந்தது. நாலு நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால், வயல் குளம். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது, கத்தரிக் கன்றெல்லாம் மஞ்சளாய்த் தலைகுனிந்து கிடந்தது. ஒரு கிழமை கழிந்தும் வற்றவில்லை. வேர் அழுகிய மணம் மூக்கில் அடித்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வருவதைக் குறைத்தன. சத்தியமாய்ச் சொல்கிறேன், அடைத்த குழாய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மழையைத் திட்டினேன், கனடாவைத் திட்டினேன், மனுசனையும் திட்டினேன்.

பேனா தாளில் முட்டும்போது

அந்த வயலை ஜன்னலால் பார்த்துக்கொண்டுதான் கியர்ஸ்டன், முதியோர் இல்லத்தின் தாள்களுக்கு முன்னால், மேசையடியில் இருந்தார்.

“குழாய் செத்துப் போச்சு” என்றார். குரலில் வெடுக்கே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. “யென்ஸுக்குப் பிறகும் நிக்கும், எனக்குப் பிறகும் நிக்கும் எண்டு நினைச்சனான்.”

“அறுபது வருசத்துச் சுட்ட மண், அம்மா. இடிஞ்சிருக்கும். உங்கட பிழையில்லை” என்றான் எரிக், மெதுவாக.

எதையாவது சொல்லவேண்டுமே என்று நான் கேட்டேன். “அந்தக் குழாயெல்லாம் எங்க போய் முடியுது?”

“எல்லாம் ஒண்டாய்ச் சேந்து ஒரு இரும்புக் குழாயால வெளிய போகும். வில்லோ மரத்துக்குக் கீழ.”

ஐயோ கடவுளே! எழும்பி வெளியே போனேன். மனுசன் காரில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“இஞ்சருங்கோ, நாங்கள் அடைச்ச குழாய்தான் இந்த வயலின்ர முழுத் தண்ணியும் வெளிய போற வழியாம்.”

அவர் வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப வயலைத் தண்ணியில தாட்டது நாங்களோ?”

“நான்.”

“சத்தம் போடாதை. ஒருத்தரிட்டையும் பறையாதை. நான் இப்ப போய் எடுத்து விடுறன். தண்ணி வத்தினால், குழாய் தன்பாட்டில சரிவந்திட்டுது எண்டு நினைப்பினம். ஒன்பது குடும்பத்துக்கு முன்னால உனக்கேன் வெட்கக்கேடு?”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்கா கெட்டிக்காரி என்ற பெயர் எனக்குச் சோறு மாதிரி. ஆனால் தண்ணீர் வற்ற நாள்கணக்காகும். கையெழுத்துப் போட ஒரு நிமிசம் போதும். போட்டுவிட்டால் கியர்ஸ்டன் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. செத்தாலும் போய் அந்த அறைக்குள் இருப்பார்.

சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே ஓடினேன். பேனா தாளில் முட்டிவிட்டது.

“கையெழுத்து வையாதேங்கோ! குழாய் சாகேல்லை. நான்தான் அடைச்சனான்!”

நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். தண்ணீர் வீண்போகிறதென்று நினைத்தது, சாக்கு, களிமண், உதைத்தது, பெருமையில் புளுகி நின்றது எல்லாம். சொல்லி முடியக் கண்ணீர் வந்துவிட்டது. அழுகிற ஆள் இல்லை நான், அழுதேன்.

எரிக்கின் முகம் சிவந்தது. கியர்ஸ்டன் பேனாவைக் கையில் வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

“எதாலை அடைச்சனி எண்டாய்?”

“அரிசிச் சாக்கும் களிமண்ணும்.”

“நல்லா இறுக்கியோ?”

“நல்லா இறுக்கி.”

அவர் பேனாவை மூடினார். “எரிக், ட்ரக்கை எடு.”

இடுப்பளவு கானுக்குள்

கானுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஜூன் மாதத்திலும் குளிர் எலும்பில் ஏறியது. நானும் மனுசனும் இறங்கி, கையால் துழாவிக் குழாயைப் பிடித்தோம். சாக்கு வரமாட்டேன் என்றது. நான் அடைத்தால் சும்மாவா! மேலே ட்ரக்கின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கியர்ஸ்டன், “இடப்பக்கம் குத்து! இடப்பக்கம்!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

மனுசன் இரும்பு அலவாங்கால் குத்தினார். நான் சாக்கின் மூலையைப் பிடித்து, பிள்ளைப்பேற்று வலியில் கத்தினது போலக் கத்திக்கொண்டு இழுத்தேன். ஒரு பொருமல் கேட்டது. அடுத்த நொடி அரிசிச் சாக்கு என் நெஞ்சில் வந்து அடித்தது. பின்னால் வந்த தண்ணீர் என்னைத் தூக்கிக் கானின் மற்றக் கரையில் இருத்தியது. கழுத்துவரை சேறு. குழாய் முழுவாயாலும் கக்கியது, இரைந்துகொண்டு கக்கியது.

கியர்ஸ்டன் ட்ரக்கின் முன்தட்டில் இரண்டு கையாலும் அடித்தார். டேனிஷ் மொழியில் என்னவோ கத்தினார். எனக்கு விளங்கியது யென்ஸ் என்ற பெயர் மட்டும். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் இரண்டையும் செய்துகொண்டிருந்தேன்.

பிறகு வாங்கினேன் பாருங்கள் ஒரு பேச்சு!

“உனக்கு மூளை கிடக்கோ? களிமண் வயலில தண்ணி போகவேணும்! போகவேணும்!”

“எங்கட ஊரில தண்ணி நிக்கவேணும்!” என்று நானும் சேற்றுக்குள் இருந்து கத்தினேன்.

“இது உன்ர ஊர் இல்லை!”

“உங்கட ஊரும் இல்லை!”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இடுப்பு நோகுது, சிரிக்க வையாதை என்று என்னைத்தான் திரும்பவும் திட்டினார்.

எரிக் மட்டும் சிரிக்கவில்லை. “தண்ணி போனாலும் கன்று செத்திட்டுது. ஆக்களும் விட்டிட்டுப் போட்டினம். சனிக்கிழமை வந்து பாப்பன். அதுவரைக்கும் தாளை வைச்சிருக்கிறன்” என்றான்.

சனிக்கிழமை

அன்று பின்னேரமே ஒன்பது வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தேன். ஒன்பது தரம் சொன்னேன், வயலைத் தாட்டது நான் என்று. ஒருத்தி, “அப்ப நாங்கள் கைதட்டினது?” என்று கேட்டாள். இன்னொருத்தி கணக்காக அரை மணித்தியாலம் சிரித்தாள். மூன்றாம் வீட்டில் ஒருவர், “அக்கா, நான் கண்டிருந்தாலும் அடைச்சிருப்பன்” என்றார். அந்த மனுசனுக்குக் கோயில் கட்டலாம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒன்பது குடும்பமும் நின்றது. ஐந்து நாள் வெயிலும் காற்றும், நில்லாமல் ஓடிய குழாயும் வயலை வற்றவைத்திருந்தன. மேல்மண் வெளிறி வெடித்திருந்தது. மிளகாயில் கால்வாசி தப்பிப் பச்சை பிடித்திருந்தது. கத்தரி முழுக்கப் போய்விட்டது.

எரிக் தாளோடு வந்தான், அலுவலகச் சப்பாத்தோடு. தாயைத் தேடினான். வீட்டில் இல்லை.

அவர் வயலுக்குள் இருந்தார். நடப்பதற்குப் பிடிக்கும், இருக்கை வைத்த வோக்கரைத் தள்ளிக்கொண்டு, வரிசைக்கு நடுவால், ஒவ்வொரு அடியாக. சக்கரம் புதைந்தால் விழுந்துவிடுவார். நான் ஓட வெளிக்கிட, “வராதை!” என்று கையைக் காட்டினார். சக்கரம் புதையவில்லை. அறுபது வருடத்துக்கு முன்னர் அவர் வாளித் தண்ணீரோடு கூட நடந்த நிலம் அவரைத் தாங்கியது. நடு வயலுக்குப் போய், வோக்கரைத் திருப்பி, அதிலேயே இருந்தார்.

“எரிக்! என்னைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் இஞ்ச வந்து கூட்டிக்கொண்டு போ!”

அவன் வரம்பில் நின்றான். எங்கள் எல்லாரையும் பார்த்தான். ஒன்பது குடும்பம், கையில் மண்வெட்டியும் வாளியுமாக நின்றது. அவன் சப்பாத்தைக் கழற்றினான், காலுறையைக் கழற்றினான். வெறுங்காலோடு தாயிடம் போய்க் குந்தினான். என்ன கதைத்தார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கனநேரம் கதைத்தார்கள். நடுவில் ஒருதரம் அவன் குனிந்து, உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்த்தான்.

திரும்பி வந்தபோது தாள் நாலாய் மடிந்து சட்டைப் பைக்குள் போயிருந்தது.

“இந்த நேரத்தில மிளகாய்க் கன்று எங்கையும் கிடைக்குமோ?” என்று என்னைக் கேட்டான்.

“கிடைக்கும். கத்தரிக்குத்தான் நேரம் போட்டுது. மிளகாய் வைக்கலாம், கீரை போடலாம்.”

“எத்தினை பேர் வேணும்?”

நான் பதில் சொல்ல வாயெடுக்கமுதல் நடு வயலில் இருந்து கியர்ஸ்டனின் பழைய வெடுக்குக் குரல் வந்தது.

“சாரோ! அவனோட என்ன கதை? அவனுக்கும் ஒரு மண்வெட்டியைக் குடு!”